ஒரே ஏரி, மூன்று பாடங்கள்: தொடக்க வகுப்புகளில் ஒருங்கிணைந்த கற்பித்தல் ஏன்?

புதுடெல்லி: தொடக்கப் பள்ளியில் அறிவியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்காமல், ஒரே பொருளைச் சுற்றி இணைத்துக் கற்பிக்கும் முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை சூழ்நிலையியலை ஒருங்கிணைந்த பாடமாக முன்வைத்தது. 2023-ஆம் ஆண்டின் கட்டமைப்பும் அதே வகுப்புகளுக்கு 'நம்மைச் சுற்றியுள்ள உலகம்' என்ற பாடத்தைப் பரிந்துரைத்துள்ளது.

இம்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு, 2005 கட்டமைப்பின்படி என்சிஇஆர்டி வெளியிட்ட 5-ஆம் வகுப்பு நூலில் உள்ளது. அதில் தண்ணீர் பற்றிய பாடம், ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் உள்ள கட்சிசர் ஏரியை எடுத்துக்கொள்கிறது. ஏரியை வெட்டிய மன்னரைப் பற்றி அறிவது வரலாறு. மழை குறைந்த பாலைநிலத்தைப் புரிந்துகொள்வது புவியியல். ஓர் ஏரி நிரம்பியதும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் விதம் அறிவியல்.

2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், 3-ஆம் வகுப்புக்குள் எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிசெய்ய முனைகிறது. இவற்றுக்கே பள்ளி நேரம் முழுவதும் செலவானால் பிற பாடங்கள் சுருங்கிவிடும். ஏரியைப் பற்றி வாசிப்பதும் மழையளவைக் கணக்கிடுவதும் இரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றும்.

ஆனால், ஏரியை வரைந்து வண்ணம் தீட்டுவது மட்டுமே புவியியல் ஆகிவிடாது. வரைபடத்தில் திசையறியவும் மாணவர் கற்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் எதைக் கற்க வேண்டும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே வரையறுத்து, அதைத் தனித்தனியே மதிப்பிட்டால்தான் இம்முறை முழுப் பயன் தரும்.