எஞ்சினில் எண்ணெய் மிகுந்தால்

மோட்டார் வண்டியின் எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் கேடு என்பதை அறியாதவர் இல்லை. எண்ணெய் மிகுந்தாலும் கேடு உண்டு என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். அந்த இரண்டாவது கேட்டைப் பற்றியே இன்று மாணவ நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் வசிப்பது மணவூரில். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர் அது. எங்கள் பக்கத்து வாடகைக் கார் ஓட்டுநர்கள் திருத்தணி முருகன் கோயிலுக்கு அடிக்கடி அடியார்களை ஏற்றிச் செல்வர். இயன்றவர் படியேறுவர், இயலாதவர் மலைச் சாலையில் வண்டியிலேயே மேலே செல்வர். இத்தகைய மலைச் சாலையின் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு, டிப்ஸ்டிக் என்னும் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கும் ஓட்டுநர்களைக் கண்டிருக்கிறேன். எண்ணெய் குறைந்திருப்பதாகக் கம்பி காட்டும். உடனே அரை லிட்டரோ ஒரு லிட்டரோ வார்த்துவிடுவர். வண்டி சரிந்து நின்றால் எண்ணெயும் தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் அன்றோ? கம்பி தொடும் பக்கத்தில் அது குறைந்து தோன்றலாம். அன்றியும், எஞ்சினை நிறுத்திய மறுகணமே பார்த்தால், மேலே சென்ற எண்ணெய் முழுவதும் கீழே வடிந்திராது. எண்ணெய் மிகுவதற்கு, நான் பார்த்த அளவில், கஞ்சத்தனமோ கவனக்குறைவோ காரணமன்று. அளக்கும் முறை தெரியாமையே பெருங்காரணம்.

மிகுந்த எண்ணெய் என்ன செய்கிறது? எஞ்சினின் அடியில் சம்ப் என்னும் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. சிறிய கார்களில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு லிட்டர் எண்ணெய் போதும். அந்த எண்ணெய்க்குச் சற்று மேலே கிராங்குத் தண்டு சுழல்கிறது. நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால், நொடிக்கு 50 சுற்று! எண்ணெய் மட்டம் உயர்ந்து கிராங்கு அதில் தோய்ந்துவிட்டால், தயிரை மத்து கடைவது போல அது எண்ணெயைக் கடைகிறது. நுரை எழுகிறது. எண்ணெய்ப் பம்பு அந்த நுரையையே உறிஞ்சி பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. எண்ணெய் எளிதில் அமுங்காது. நுரையில் உள்ள காற்றோ அமுங்கும். ஆதலின் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து நிற்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்துபோகிறது. எண்ணெய் மிகுந்ததனாலேயே எண்ணெய் இல்லாத நிலை வருகிறது. வியப்பாக இல்லையா?

கேடு அதனோடு நிற்பதில்லை. தெறித்த எண்ணெய் மூச்சுக் குழாய் வழியே காற்று வடிகட்டியையும் எரிகலனையும் அடையலாம். அப்போது புகை நீலம் பாரிக்கும். கருகல் நாற்றம் எழும். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கரிபிடிக்கும். உள்ளே அழுத்தம் கூடுவதால் சீல்கள் கசியவும் கூடும். டீசல் எஞ்சினில் இதனினும் கொடியது ஒன்று நேரலாம். உள்ளே புகுந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். இது அரிது, எனினும் நேர்வதுண்டு.

இனி, செய்ய வேண்டியது யாது? முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி, வெளியே எடுத்துப் பாருங்கள். சூடாகப் பார்ப்பதா, ஆறியபின் பார்ப்பதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். வண்டியுடன் வந்த கைந்நூலே அதற்குப் பிரமாணம். பல கார்களில் கீழ்க்கோட்டிற்கும் மேற்கோட்டிற்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும். மேற்கோட்டை மயிரிழை தாண்டியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அரை லிட்டர் அளவுக்கு மிகுந்திருந்தால், எஞ்சினை இயக்காமலே எண்ணெயைக் குறைத்துவிட வேண்டும். “ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு வேண்டாம். வாடகை வண்டியை நம்பி வாழ்பவனுக்கு ஒரு கிராங்கு கெட்டால் பல மாதத்து வருவாய் போய்விடும்.

எடுப்பதற்கு இரு வழிகள் உண்டு. அடித்தொட்டியின் போல்ட்டைத் தளர்த்தி வடிப்பது ஒன்று. ஆனால் எண்ணெய் விசையுடன் பாயுமாதலால், சிறிது மட்டும் விட்டு உடனே மூடுவது பழகிய கைக்கே இயலும். மேலும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கலாகாது. கம்பி செருகும் துளை வழியே மெல்லிய குழாயை இறக்கி, கைப்பம்பினால் உறிஞ்சி எடுப்பது மற்றொன்று. நான் இதையே விரும்புகிறேன். அளவு குறித்த புட்டியில் சிறிது சிறிதாக எடுத்து, இடையிடையே கம்பியைப் பார்த்துக்கொள்ளலாம். குழாயை வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. மிகுந்த எண்ணெயுடன் வண்டி ஏற்கெனவே ஓடியிருந்தால், காற்று வடிகட்டி நனைந்துள்ளதா, சீல்களில் கசிவு உண்டா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

யாரும் வார்க்காமலே எண்ணெய் மட்டம் உயர்வதும் உண்டு! எண்ணெய் பாலூற்றிய காப்பி நிறமாக மாறியிருந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கலந்திருக்கலாம். பெட்ரோல் மணம் வீசினால் எரிபொருள் கலந்திருக்கிறது. 2018-இல் ஹோண்டா நிறுவனத்தின் சி.ஆர்.வி. கார்களில், குளிர் மிகுந்த வட சீனத்தில் இவ்வாறு பெட்ரோல் கலந்து எண்ணெய் மட்டம் உயர்ந்தது. அந்நிறுவனம் அங்கே அவற்றின் விற்பனையை நிறுத்திவைக்க நேர்ந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி வழக்கமாயிற்று. அதில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதலாக டீசல் தெளிக்கப்படும் எஞ்சின்களில், ஒரு பகுதி உருளைச் சுவர் வழியே எண்ணெயில் இறங்கக்கூடும். சிறு தொலைவுகளே ஓடும் வண்டிகளில் இது மிகுதி. இத்தகைய எண்ணெய் நீர்த்துப்போனது. அதில் அரை லிட்டரை எடுத்துவிடுவது மருந்தாகாது. முழுவதையும் மாற்றி, காரணத்தையும் மெக்கானிக்கைக் கொண்டு கண்டறிய வேண்டும்.

எடுத்த எண்ணெயை என் செய்வது? புதிதாக வார்த்ததே என்றால், தூய புட்டியில் மூடி வைத்துப் பின்னர் பயன்படுத்தலாம். ஓடிக் கறுத்ததை மட்டும் சாக்கடையிலும் வயல் வரப்பிலும் ஊற்றிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பழைய எண்ணெயும் அடங்கும். எங்கள் ஊரில் கிணற்று நீரையே நம்பிப் பயிர் செய்வோர் பலர். பழைய எண்ணெயை மூடியுள்ள கலத்தில் சேர்த்து, அதை வாங்கிக்கொள்ளும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடலாம்.