ஆட்டிறைச்சியும் கொலஸ்டிராலும்

கடந்த அக்டோபர் 2ஆம் நாள் நடைபெற்ற கிராம சபைக் கூட்டத்தின் முடிவில், ஆடு வளர்க்கும் முதியவர் ஒருவர் என்னை அணுகினார். "ஐயா, எனக்கு இரத்தத்தில் கொழுப்பு மிகுந்துள்ளது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஊராரோ ஆட்டுக்கறியே நஞ்சு என்கிறார்கள். நான் வளர்க்கும் ஆட்டை நானே உண்ணலாகாதா?" என்று வினவினார். இந்த ஐயப்பாடு அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆகையால் இதனைச் சற்று விளக்குதல் நலம்.

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்றதொரு பொருள். உயிரணுக்களின் சவ்வு அமைவதற்கும் பித்தநீர் உண்டாவதற்கும் அது இன்றியமையாதது. உடலுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை நமது ஈரலே உற்பத்தி செய்துகொள்கிறது. ஆனால், இரத்தத்தில் அது அளவுக்கு மிஞ்சினால் குழாய்களின் உட்சுவரில் படிகிறது. வாய்க்காலில் வண்டல் படிந்தால் கடைமடைக்கு நீர் எட்டாதன்றோ? அதுபோல, இதயத்திற்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு மாரடைப்பு நேரிடுகிறது.

இரத்தத்தில் கொலஸ்டிரால் உயர்வதற்கு, உணவிலுள்ள கொலஸ்டிராலைக் காட்டிலும் நிறைவுற்ற கொழுப்பே பெரிதும் காரணமாகும். சமைத்த வெள்ளாட்டின் கொழுப்பு நீக்கிய சதை 100 கிராமில் கொலஸ்டிரால் சுமார் 75 மில்லிகிராம் உள்ளது. ஒரு முட்டையிலோ ஏறத்தாழ 190 மில்லிகிராம். அச்சதையில் மொத்தக் கொழுப்பு சுமார் 3 கிராம். அதில் நிறைவுற்றது 1 கிராமுக்கும் குறைவு. புரதமோ 27 கிராம் அளவில் கிடைக்கிறது. வெள்ளாட்டின் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேர்வதே இதற்குக் காரணம்.

அங்ஙனமாயின் தீங்கு எங்கே உள்ளது? ஆட்டு மூளை 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கொலஸ்டிரால் உண்டு. ஈரலிலும் சிறுநீரகத்திலும் சதையில் உள்ளதைப் போலப் பன்மடங்கு உண்டு. "உடல் தேறட்டும்" என்று இதய நோயாளிக்கு இவற்றையே பரிந்து ஊட்டுவது தவறு. சமைக்கும் எண்ணெயையும் கவனித்தல் வேண்டும். தேங்காயெண்ணெயில் கொலஸ்டிரால் இல்லை. எனினும் அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பே.

ஆகவே, கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை அரிந்து நீக்குக. குழம்பு ஆறியபின் மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிடுக. எண்ணெயைக் குறைத்து, கீரை, பருப்பு, காய்கறிகளை மிகுதியாகச் சேர்த்துக்கொள்க. கொலஸ்டிரால் மிகுந்தவர்கள் மூளை, ஈரல் முதலியவற்றைத் தவிர்த்து, சதையையும் எப்போதாவது சிறிதளவே உண்க. மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

கொலஸ்டிரால் மிகுதி வெளியே அறிகுறி காட்டாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே அதனைக் காட்டும். எனவே, நாற்பது வயது கடந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைப்பதை ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் கடமையாகக் கொள்வார்களாக.

"பெரியவரே, ஆட்டை விற்க வேண்டியதில்லை, மருந்தை விடாதீர்கள், மூளையையும் ஈரலையும் விட்டுவிடுங்கள், கறியை அளவோடு உண்ணுங்கள்" என்றே அம்முதியவருக்குக் கூறினேன். மனநிறைவோடு விடைபெற்றார்.