எந்த வண்டி முதலில்?

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில். அன்று தண்டவாளத்துக்குப் போட்டியில்லை. இன்று திருவொற்றியூரில் ரயிலேறும் மாணவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது: எதிரே பாதை வெறுமையாகக் கிடக்கும், நம் வண்டி மட்டும் நகராது. ஏன்?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். திருவொற்றியூர்–எண்ணூர் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே செல்லலாம் என்று கொள்வோம். (உண்மையில் சிக்னல்களின் உதவியால் பல வண்டிகள் இடைவெளிவிட்டுச் செல்லும்.) சரக்கு வண்டி 9.00 முதல் 9.40 வரையும், புறநகர் வண்டி 9.10 முதல் 9.25 வரையும், விரைவு வண்டி 9.20 முதல் 9.30 வரையும் பாதையைக் கேட்கின்றன. முன்னுரிமை முதலில் விரைவுக்கு, பிறகு புறநகருக்கு, கடைசியில் சரக்குக்கு.

தாளில் ஒரு கோடு போட்டு, தொடங்கும் நேரங்களையும் முடியும் நேரங்களையும் குறியுங்கள்: 9.00, 9.10, 9.20, 9.25, 9.30, 9.40. ஐந்து துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் அதைக் கேட்பவற்றுள் முன்னுரிமை மிக்கதற்குக் கொடுங்கள். 9.10 வரை சரக்கு, 9.20 வரை புறநகர்; 9.30 வரை விரைவு. மிச்சம் மீண்டும் சரக்குக்கு. நாட்காட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் நேரங்களைக் கணிப்பொறி இப்படிப் பிரித்துவிடும்.

ஆனால் ரயிலைப் பாதி வழியில் வெட்ட முடியாதே! தள்ளித்தான் வைக்க வேண்டும். புறநகர் வண்டி 9.10க்குப் புறப்பட்டால் 9.20க்கு விரைவு வண்டியின் வழியை மறிக்கும். ஆகவே அது 9.30 வரை நிற்கும். சரக்கு வண்டி 9.45 வரை நிற்கும். 9.00 முதல் 9.20 வரை பாதையில் யாருமில்லை. நீங்கள் பார்த்த வெற்றுப் பாதை இதுதான்.

இப்போது விரைவு வண்டியை 5 நிமிடம் மட்டும் நிறுத்துங்கள். புறநகர் குறித்த நேரத்தில் போய்விடும். விரைவு 9.25க்கும், சரக்கு 9.35க்கும் கிளம்பும். மொத்தத் தாமதம் 65 நிமிடத்திலிருந்து 40 ஆகக் குறைகிறது! முன்னுரிமைப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் நேரம் வீணாகும் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நன்கறிவார். எனினும், வருவது விபத்து நடந்த இடத்துக்கு விரையும் நிவாரண வண்டியானால், இந்தக் கூட்டல் கழித்தலுக்கு இடமில்லை. மற்றவை ஒதுங்கியே ஆக வேண்டும்.

சரக்கு வண்டி நிற்கும்போது 9.35 முதல் 9.50 வரை இன்னொரு புறநகர் வண்டி வருகிறதாம். இருவரில் யாரை முதலில் விடுவீர்கள்? கோடு போட்டுப் பாருங்கள்.