நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

மலேசியாவின் செடெனாக் வட்டாரத்தில் உதவி கேட்டு வரும் பெண்கள் சிலர் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவருகிறார்கள். அடி விழுந்த நாள், கணவன் பேசிய பேச்சு, பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிந்தது எல்லாம் அதில் இருக்கும். போலீஸ் ரிப்போர்ட் மட்டும் இருக்காது. கேட்டால், "குடும்ப மானம் போயிடும் அக்கா" என்பார்கள்.

எழுத்தில் இது புதிதல்ல. எழுத்தாளர் பாமாவின் 'சங்கதி' நாவல் 1994இலேயே பெண்கள் வாங்கும் அடியைப் பேசிவிட்டது. எழுத்தாளர் மீனா கந்தசாமி தன் மணவாழ்வின் கொடுமையை 2012இல் கட்டுரையாக எழுதினார். 2017இல் அது நாவலானது. படித்துக் கண்கலங்குகிறோம். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம். இதை எப்படிப் பொறுப்பது?

அடிபடும் பெண்களே, எழுதுங்கள். தேதி, நேரம், பார்த்தவர் பெயர் சேர்த்து எழுதுங்கள். வாட்ஸ்அப் மிரட்டல்களை அழிக்காதீர்கள். அவன் மன்னிப்புக் கேட்டாலும் அழிக்காதீர்கள். காயத்தின் படத்தையும் நோட்டின் நகலையும் நம்பகமானவரிடம் கொடுத்துவையுங்கள்; உங்கள் கைப்பேசியை அவன் பார்க்கக்கூடும்.

காயமிருந்தால் கூலாய் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், அடித்தது யார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்றால் அதுதான் பதிவாகும்.

அடுத்த அடி விழும் என்ற பயமா? மாவட்டச் சமூகநல இலாகாவில் அவசரப் பாதுகாப்பு ஆணை கேளுங்கள். இதற்குப் போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. ஆனால் ஆணை 7 நாள்தான் செல்லும். அந்த 7 நாளுக்குள் ரிப்போர்ட் செய்து, நகலையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்குங்கள். பிறகு சமூகநல அதிகாரியின் உதவியோடு மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். விசாரணை முடிந்தால் அதுவும் காலாவதியாகும். வழக்கு நீதிமன்றம் போனால் அடுத்த ஆணையான பாதுகாப்பு ஆணைக்கு உடனே விண்ணப்பியுங்கள். அவசர ஆணைக்கு 7 நாள்தான் என்பதை மறக்காதீர்கள்.

"குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்று போலீஸ் நிலையக் கவுண்டரில் திருப்பியனுப்பும் அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள். நகராதீர்கள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, ரிப்போர்ட்டைப் பதியச் சொல்லுங்கள். மனரீதியான வதையும் அச்சட்டத்துக்குள் வரும்.

உறவினர்களே, அடிபடுவது பிள்ளையென்றால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி குடும்பத்தினர் உடனே சமூகநல அதிகாரியிடம் தெரிவித்தே ஆகவேண்டும். அண்டை வீட்டாரும் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மேல் அவதூறு வழக்கு நிற்காது. உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் எண் 15999. உயிருக்கு ஆபத்தென்றால் 999. அடிபட்டவரேதான் கூப்பிட வேண்டும் என்றில்லை.