உங்களுக்குத் தெரியுமா? தட்டைப் பாதங்கள் தாண்டிய தடைகள்

திரிபுராவின் அகர்தலாவில் 1993 இல் பிறந்த தீபா கர்மாகர், ஓடிப் பாய்வதற்கும் உறுதியாகத் தரையிறங்குவதற்கும் இடையூறான தட்டைப் பாதங்களைப் பயிற்சியால் சீராக்கி, ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையானார். தாவுமேசையில் கைகளை ஊன்றி எழும்பி, இருமுறை முன்னோக்கிக் கரணமடித்துப் பாதங்களில் இறங்கும் ‘புரொதுனோவா’ என்னும் ஆபத்தான தாவலை நிகழ்த்திய அவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 15.066 புள்ளிகள் பெற்று, 0.150 புள்ளியால் வெண்கலத்தை இழந்து நான்காமிடம் அடைந்தார்.

தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலில் பிணைக்கும் முன்குறுக்கு இணைநார் காயமுற்றதால் 2017 இல் சத்திரசிகிச்சைக்கு உள்ளான போதிலும், 2018 இல் துருக்கியின் மெர்சினில் நடைபெற்ற உலகச் சவால் கிண்ணப் போட்டியில் அவர் தங்கம் வென்றார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் ஹைஜெனமைன் என்னும் தடைசெய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்டதால் விதிக்கப்பட்ட 21 மாதத் தடை 2023 ஜூலையில் முடிவடைந்தபின், 2024 மே மாதம் தாஷ்கண்டில் நடந்த ஆசிய சம்பியன்ஷிப்பில், தமது 30 ஆவது வயதில், அப்போட்டியில் தங்கம் பெற்ற முதல் இந்தியராகிய அவர், அதே ஆண்டு ஒக்டோபரில் ஓய்வுபெற்றார்.

தீபாவைப் போலவே தம் நாட்டுக்கு முன்னோடியாக, இலங்கையின் சார்பில் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் முதன்முதலாகப் பங்கேற்றவர் மில்கா கெஹானி ஆவார். 2020 ஆம் ஆண்டுக்குரியதாயினும் கொவிட் பெருந்தொற்றால் 2021 இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியிலேயே அவர் களமிறங்கினார்.