மைக்கில் இறங்குவது, தபாலில் ஏறுவது

2006-ல் எர்ணாகுளம் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். மற்றவர்கள் உதவி தேடி ஓடினார்கள். கடைசியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டு வந்தவரும் அந்த நண்பர்களில் ஒருவர்தான். 2024-ல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம், உதவி கேட்டுப் போன இடத்தில் போலீசார் அவர்களை நம்பாமல் அடித்ததாகக் காட்டியது. படத்தைப் பார்த்த கேரளக்காரர் ஒருவர் மத்திய உள்துறைக்கு மனுப் போட்டார். மனு தமிழக உள்துறைக்கு வந்தது. விசாரிக்கும்படி அங்கிருந்து டி.ஜி.பி.க்கு உத்தரவு போனது.

கொடைக்கானலில் எழுந்த ஒரு குறை டெல்லிக்குப் போய், சென்னை டி.ஜி.பி. வரை வந்து சேர 18 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. போலீசில் ஒரு சேதி எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

முதலில் படிகள். கொடைக்கானல் ஸ்டேஷன் காவலருக்கு மேலே தலைமைக் காவலர், அதாவது ஏட்டையா. அடுத்து சிறப்பு எஸ்.ஐ., எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர். கொடைக்கானல் உட்கோட்டத்துக்கு ஒரு டி.எஸ்.பி.; மாவட்டத்துக்குத் திண்டுக்கல் எஸ்.பி. அவருக்கு மேலே திண்டுக்கல் சரக டி.ஐ.ஜி., மதுரையில் தென்மண்டல ஐ.ஜி., சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் டி.ஜி.பி. அலுவலகம். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் சிறப்பு எஸ்.ஐ. ஆக ஏறக்குறைய கால்நூற்றாண்டு ஆகும். அவர் வாயிலிருந்து வரும் தகவலும் அதே படிகளில்தான் ஏற வேண்டும்.

இந்த ஏணி சென்னை மாகாணத்தில் போடப்பட்டது. வரி வசூலிக்கிற தாசில்தாரே போலீஸ் அதிகாரத்தையும் வைத்திருந்த காலத்தில், வரிக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்த கொடுமையை 1855-ல் ஒரு விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. அதன் பிறகு 1859-ல் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் வந்து, காவல் தனித் துறையானது. இரண்டு ஆண்டுகளில் 1861-ம் ஆண்டுப் போலீஸ் சட்டம் வந்தது. கீழே இருப்பவரின் கை அத்துமீறாமல் மேலே இருப்பவர் கண்காணிக்க வேண்டும் என்பதே ஏணியின் நோக்கம். உத்தரவு இறங்குவதற்கு அது நன்றாகவே பயன்பட்டது.

எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைக் கொடைக்கானல் போகும் வழியில் வெள்ளி அருவிப் பக்கம் வண்டியை நிறுத்தியவர்கள் பார்த்திருப்பார்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2025 ஏப்ரலில் வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வந்தது. நீதிபதி சொன்னது கலெக்டருக்கு வந்து, எஸ்.பி. மெமோவாகி, ஸ்டேஷனில் ரோல் காலில் வாசிக்கப்பட்டு, பனிமூட்டத்தில் நிற்கும் ஒரு காவலரின் நீட்டிய கையாக மாறச் சில நாட்களே ஆகின்றன. அதே மாவட்டத்துப் பழனியில் தைப்பூசத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து போலீசார் வந்து குவிகிற நாளில் இந்த வேகம் உயிர் காக்கிற வேகம். கூட்டத்தை எந்த வழியில் திருப்புவது என்று மைக்கில் ஒரு குரல் சொன்னால் அடிவாரம் முழுக்க அந்த நிமிடமே கேட்க வேண்டும்.

‘மைக்’ என்று போலீசார் சொல்வது வயர்லெஸ்ஸை. அந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். அதனால்தான் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைத்துக் குரலை வாங்கி மறுபடி அனுப்புகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலிருந்து ஒலிபரப்பாகும் பண்பலை வானொலி சமவெளியில் வெகுதூரம் கேட்பதும் உயரத்தால்தான். ஆனால் அதே மலையின் மடிப்புகளுக்குள் இருக்கும் ஊர்களுக்கு அந்த உயரம் உதவாது. நெடுங்காலம் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவியில் ஒன்று நடந்தால், கால்நடையாகத்தான் சேதி வெளியே வரும் என்ற நிலையில் அந்த ஊர் பல தலைமுறை இருந்தது. மலைக் கிராமமான பூம்பாறையிலிருந்து ஒருவர் 100-ஐ அழைத்தால் அந்தக் குரல் முதலில் சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கிருந்து திண்டுக்கல்லுக்கும், திண்டுக்கல்லிலிருந்து மலை மேலுள்ள ஸ்டேஷனுக்கும் வர வேண்டும். மின்னலாய் வந்து சேரும், சரிதான். ஆனால் ‘பெரிய மரத்துக்குக் கீழே, மொட்டைப் பாறைக்கு இந்தப் பக்கம்’ என்று அவர் சொன்ன அடையாளம் மூன்று கை மாறி வரும்போது எவ்வளவு மிச்சமிருக்கும்?

இனி ஏறுகிற சேதி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜி.டி. என்கிற பொது நாட்குறிப்பு உண்டு. யார் எத்தனை மணிக்கு எந்தப் பணிக்குப் போனார், யார் புகார் கொண்டுவந்தார், எல்லாம் நேரம் போட்டு அதில் ஏற வேண்டும். அநேகமாக ரைட்டர் ஏட்டையாவின் கையெழுத்தில் இருக்கும். புகார் வாங்கினால் சி.எஸ்.ஆர். ரசீது. கொலை போன்ற பெரிய குற்றம் என்றால் எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.; அதை ஒரு காவலர் கையில் கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் சேர்ப்பார்கள், மேலதிகாரிகளுக்கும் நகல் போகும். அந்தத் தபால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிற்பாடு கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடக்கும். இரவு ரோந்துக்காரர் கையெழுத்துப் போட வீட்டுச் சுவரில் தொங்கும் பட்டா புத்தகம்கூட மேலே போகிற ஒரு சேதிதான்: நான் இங்கே வந்தேன் என்கிற சேதி.

இவ்வளவு காகிதம் இருந்தும் உண்மை ஏன் மெதுவாக ஏறுகிறது? ஒவ்வொரு படியிலும் அதை வாங்குகிறவர், சொல்கிறவரின் விடுப்பையும் இடமாற்றத்தையும் தண்டனையையும் கையில் வைத்திருப்பவர். துறை ஒழுங்கு நடவடிக்கையான 3(பி) சார்ஜ் வந்தால் பதவி உயர்வு போச்சு என்பது காவலருக்குத் தெரியும். மைக்கில் ஒருவரைக் கண்டித்தால் சேனலில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும் என்பதும் தெரியும். அதனால் ‘சரிங்க ஐயா’ என்பது மட்டும் தடங்கலில்லாமல் மேலே போகிறது. ‘ஆள் போதாது’, ‘இந்தப் புகாரை நாம் வாங்கியிருக்க வேண்டும்’ என்பவை ஒரு படிக்கு ஒரு சொல்லாகத் தேய்கின்றன. காவலர் சரியாகச் சொல்லவில்லை என்று குறைப்படும் அதிகாரிகள், கடைசியாக ஒரு கெட்ட சேதியைக் கொண்டுவந்தவரை என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இது அரசுக்கும் தெரியும். ஸ்டேஷன்தோறும் எஸ்.பி. தனிப்பிரிவுக் காவலர் ஒருவர் இருப்பது அதனால்தான். இன்ஸ்பெக்டரைத் தாண்டி நேரே எஸ்.பி.க்குத் தகவல் சொல்கிறவர் அவர். மாவோயிஸ்டுகள், தீவிரவாதம் போன்றவற்றுக்குக் க்யூ பிரிவு தனி வழி; 2008-ல் வடகவுஞ்சிக் காட்டில் துப்பாக்கிச் சண்டை நடந்த மலை இது. ஆனால் இவையெல்லாம் அரசு தெரிந்துகொள்ள விரும்புவதற்கான வழிகள்.

குடிமக்களுக்கும் ஒரு குறுக்கு வழியைச் சட்டம் வைத்திருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதித் தபாலில் எஸ்.பி.க்கே அனுப்பலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173-வது பிரிவு இது. எந்த ஊரில் நடந்த குற்றத்துக்கும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மொழி தெரியாத மலையில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணி ஊர் திரும்பிய பிறகும் புகார் எழுதிக் கொடுக்கலாம்.

இப்போது போலீசுக்குள் நிறையச் சேதி வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. படம் வருகிறது, இடம் வருகிறது, உடனே பதிலும் வருகிறது. மலையில் இது பெரிய உதவி. ஆனால் டவர் இல்லாத இடத்தில் அது ஊமை. குழுவில் போட்ட சேதியை அழித்துவிடலாம். ஜி.டி.யில் ஏறிய வரியை அழித்தால் அடித்தல் தெரியும்.

குணா குகை விஷயத்தில் டி.ஜி.பி. வரை வந்த உத்தரவும் படிப்படியாக இறங்கினால் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த இளைஞர்கள் ஓடிவந்த நாளில், ஸ்டேஷன் ஜி.டி.யில் எத்தனை மணிக்கு, யார் கையெழுத்தில், என்ன எழுதப்பட்டது?