40 வாட்டில் பேசிய சென்னை

கம்ப்யூட்டரில் இரண்டு க்ளிக் செய்தால் உலகின் எந்த மூலையில் உள்ள வானொலியையும் இன்று கேட்டுவிடலாம். சரி, சென்னையில் முதன்முதலில் வானொலி நடத்தியது யார் தெரியுமா? அரசாங்கம் அல்ல. ஒரு பொழுதுபோக்கு சங்கம்!

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 31-ல் எழும்பூரிலிருந்து ஒலிபரப்பு ஆரம்பமானது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு? வெறும் 40 வாட். ஒரு சிறிய குண்டு பல்பு எரியும் அளவுதான்! பின்னர் இது 200 வாட்டாக உயர்ந்தது.

எஃப்.எம். முறை 1930-களில்தான் வந்தது. ஆகவே கிளப் நடத்தியது ஏ.எம். ஒலிபரப்பு. பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ப ரேடியோ அலையின் உயரம் கூடிக் குறைவதுதான் ஏ.எம். இதைக் கேட்கும் கருவி மிக எளிது. ஒரு கம்பிச்சுருள், ஒரு படிகம், நீண்ட ஏரியல், ஒரு ஹெட்ஃபோன் போதும். பேட்டரிகூட வேண்டாம்.

ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. 1927-ல் கிளப் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியிடம் போனது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் மாலை நேரங்களில் ஒலிபரப்பியது. ரேடியோ பெட்டி வாங்க வசதியில்லாத மக்கள் கடற்கரையிலும் பூங்காக்களிலும் வைத்த ஒலிபெருக்கிகளில் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்க, மாநகராட்சி வானொலியும் விடைபெற்றது.

அந்தக் கிளப் ஒலிபரப்பிய காலத்தில் டேப் ரெக்கார்டர் கிடையாது. பாடியது, பேசியது எல்லாம் நேரடியாகக் காற்றில் போனதுதான்.

நம் வீட்டு கேசட்டுகளின் கதை அப்படி ஆக வேண்டாமே! தாத்தாவின் பேச்சு, ரேடியோவில் பதிவு செய்த நாடகம் என ஏதாவது அலமாரியில் கிடக்கும். நாடா பூஞ்சை பிடிப்பதற்குள் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

1. டேப் ரெக்கார்டரின் லைன் அவுட் அல்லது ஹெட்ஃபோன் துளையையும், கம்ப்யூட்டரின் லைன் இன் துளையையும் ஸ்டீரியோ கேபிளால் இணையுங்கள். லைன் இன் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். மைக் துளையில் செருகினால் ஒலி கரகரக்கலாம். லேப்டாப்பில் லைன் இன் இல்லையென்றால், அந்த வசதியுள்ள யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

2. ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவுங்கள். சிவப்பு வட்டமுள்ள ரெக்கார்ட் பட்டனை க்ளிக் செய்து, கேசட்டை ஓடவிடுங்கள். ஒலி அளவு காட்டும் மீட்டர் கடைசி எல்லையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. முடிந்ததும் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சி.டி. தரத்தில் ஒரு நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும். அதாவது 60 நிமிட கேசட்டுக்கு 600 எம்.பி. நண்பர்களுக்கு அனுப்ப மட்டும் எம்.பி.3 ஆக்கினால் சுமார் 60 எம்.பி. போதும்.

ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி, வெளியே இன்னொரு காப்பி அவசியம். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது பேசுபவர் யார், எந்த ஆண்டு என்றும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது யாருடைய குரல் என்றே தெரியாமல் போய்விடும்.